“உடம்பு ஹீட் டாக்டர்!” – ஒரு சொல்லின் கதை (நீண்ட இழை)

1.
“டாக்டர், உடம்பு ஹீட்.”

ஒரே நாள் காலை ஓ.பி.யில் ஐந்து பேர் இதைச் சொல்வார்கள். சித்திரை, வைகாசி என்றால் பத்து பேர். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் 98 சொச்சம்தான் இருக்கும். நார்மல்.

ஆனா ஐந்து பேருக்கும் ஐந்து விதமான பிரச்சினை. ஒருத்தருக்குச் சிறுநீர்த் தொற்று, நீர்க்கடுப்பு. ஒருத்தருக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்குது. ஒரு அம்மாவுக்கு மாதவிடாய் நிற்கும் காலம், திடீர் திடீர்னு முகமெல்லாம் எரியுது. ஒரு காலேஜ் பையனுக்கு வாய்ப்புண். இன்னொருத்தருக்கு ராத்திரி ஆனா பாதம் எரியுது.

ஐந்துக்கும் ஒரே பெயர், ஹீட்.

2.
இத்தனை வேலையைத் தலையில் தூக்கிச் சுமக்கும் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, இதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். எதிர்பாராத ஒரு விஷயம் தெரிந்தது. இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்து, “இது வேற, அது வேற” என்று உலகத்துக்குச் சொன்னவர்களில் பல பேர் மருத்துவர்கள்.

டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க. கதை நீளம். கடைசியில் அந்தப் பாத எரிச்சல்காரரிடம் வந்து நிற்கும். அவருக்காகத்தான் இந்த இழையே.

3.
முதலில் சொல்.

ஹீட் கிரேக்கமோ லத்தீனோ அல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே “ஹேட்டு” என்று இருந்த சொல். “ஹாட்” அதன் கூடப்பிறந்தது. ஜெர்மன் மொழியில் சூட்டுக்கு “ஹிட்ஸெ”, சூடான என்பதற்கு “ஹைஸ்”. டச்சுக்காரர்களுக்கு “ஹிட்டெ”. எல்லாம் ஒரே குடும்பம்.

அதாவது அடுப்படியிலும் வயலிலும் புழங்கிய சொல். புத்தகம் படித்தவர்கள் கொண்டுவந்து சேர்த்தது இல்லை.

4.
படித்தவர்கள் கொண்டுவந்த சொற்கள் தனி. சூட்டைப் பற்றி அறிவியல் பேச வேண்டி வந்தபோது, ஐரோப்பியர்கள் கிரேக்கத்திலும் லத்தீனிலும் போய்க் கடன் வாங்கினார்கள்.

கிரேக்கத்தில் “தெர்மோஸ்” என்றால் சூடான. தெர்மாமீட்டர், தெர்மல், தெர்மோஸ் ஃபிளாஸ்க் எல்லாம் அங்கிருந்து வந்தவை. இந்த “தெர்மோஸ்”ஸுக்கு ஒரு பாரசீகத் தம்பி உண்டு: “கர்ம்”. அதுதான் இந்தியில் “கரம்” ஆகி, “கரம் மசாலா”வாக நம்ம சமையலறைக்கு வந்தது.

ஆக, என் மேசையில் இருக்கும் தெர்மாமீட்டரும் உங்க வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கரம் மசாலாவும் சொல்வழியில் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

5.
லத்தீனில் சூட்டுக்கு “கலோர்”. பிஸ்கெட் பாக்கெட்டின் பின்னால் பார்க்கிறோமே, கலோரி, அது இதிலிருந்து வந்தது.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். “ஷோஃபர்”. பெரிய வீட்டுக் கார் ஓட்டுநரை அப்படிச் சொல்வார்கள். பிரெஞ்சில் அதன் நேர்ப்பொருள் சூடேற்றுபவர். நீராவி வண்டிக் காலத்தில் அடுப்பில் நெருப்பு கட்டுபவர்தான் ஷோஃபர். அடுப்பு போய் பெட்ரோல் வந்தது. வேலை மாறியும் பெயர் மாறவில்லை.

6.
ஹீட்டுக்குத் திரும்புவோம். வெயில், நெருப்பு என்று ஆரம்பித்த சொல் எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள்.

கொல்லன் இரும்பை ஒருமுறை உலையில் வைத்து எடுத்து அடிப்பது ஒரு ஹீட். இன்றைக்கும் எஃகு ஆலையில் ஒரே தடவையில் உருக்கி எடுக்கும் மொத்தத்துக்கும் ஹீட் என்றுதான் பெயர். அதற்கு ஒரு நம்பர் உண்டு.

பந்தயக் குதிரையை ஓட்டத்துக்கு முன்னால் சும்மா ஒருமுறை ஓடவிட்டு உடம்பைச் சூடேற்றுவதற்கும் ஹீட் என்றார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பந்தயத்தின் ஒரு சுற்றுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது.

7.
அதனால்தான் ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றை ஹீட்ஸ் என்கிறார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஹீட்டும் அரையிறுதியும் தாண்டி, இறுதியில் நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தை விட்டார். அந்த ஹீட்டுக்கும் கொல்லன் உலைக்கும் உறவு இருக்குன்னு அன்னைக்கு ரேடியோ கேட்ட யாருக்கும் தோணியிருக்காது.

இன்னும் இருக்கு. பசு பருவத்துக்கு வந்தால் ஆங்கிலத்தில் ஹீட். கோபத்தில் பேசினால் ஹீட். விசாரணை நெருக்கினால் ஹீட்.

8.
நம்ம “சூடு” இதுக்குச் சளைத்ததில்லை. சூடு சொரணை, துப்பாக்கிச் சூடு, வியாபாரம் சூடு பிடிக்குது, “நல்லா சூடா ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வந்தேன்”. பட்டியல் போட்டால் இழை முடியாது.

ஆனா தமிழ் ஒரு இடத்தில் ஆங்கிலத்தைவிடக் கறார். மிளகாயைக் கடித்தால் ஆங்கிலத்தில் “ஹாட்”. கொதிக்கிற ரசத்துக்கும் “ஹாட்”. வெளிநாட்டு ஹோட்டலில் “ஹாட்டா வேணுமா”ன்னு கேட்டால் எதைக் கேக்குறாங்கன்னு நமக்குக் குழப்பம். நமக்குச் சூடு வேற, காரம் வேற.

9.
அப்போ ஆங்கிலக்காரர்களுக்கு நாக்கில் ருசியே தெரியாதா? அவசரப்பட வேண்டாம். உடம்பு அவங்க பக்கம்தான் சாட்சி சொல்லுது.

1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் மிளகாயில் உள்ள கேப்சைசின் நரம்பில் எங்கே போய் ஒட்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த ஏற்பியின் பெயர் டி.ஆர்.பி.வி.1. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறந்துகொள்ளும் அதே கதவுதான் மிளகாய்க்கும் திறக்கிறது. மூளைக்குப் போகும் தகவல் இரண்டுக்கும் ஒன்று: “எரியுது!” 2021-இல் அவருக்கு மருத்துவ நோபல் பகிர்ந்து கொடுக்கப்பட்டது.

இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. எரியுதுன்னு நரம்பு சொன்னா, அங்கே சூடு இருக்குன்னு அர்த்தம் இல்லை. கடைசியில் இது தேவைப்படும்.

10.
கோபத்துக்கும் காமத்துக்கும் ஏன் சூட்டின் பெயர்? அதன் பின்னால் ஒரு முழு மருத்துவக் கொள்கையே இருந்தது.

பழைய கிரேக்க மருத்துவத்தில் உலகமே நான்கு குணங்களால் ஆனது: சூடு, குளிர்ச்சி, வறட்சி, ஈரம். உடம்பில் நான்கு திரவங்கள். அதில் மஞ்சள் பித்தம் சூடும் வறட்சியும் சேர்ந்தது. அது கூடினால் மனிதன் முன்கோபி. இதயத்தில் பிறவியிலேயே ஒரு நெருப்பு எரிகிறது, மூச்சு அதைத் தணிக்கிறது என்றார்கள். மூளையின் வேலையே ரத்தத்தைக் குளிர்விப்பது என்றார் அரிஸ்டாட்டில்.

11.
“டெம்பரேச்சர்” என்ற சொல்லே இங்கிருந்து வந்தது. லத்தீனில் அதன் மூலப்பொருள் கலவை. சரியான விகிதத்தில் கலந்திருப்பது. ஒரு ஆளின் டெம்பரேச்சர் என்றால் அவருக்குள் இந்த நான்கு குணமும் எப்படிக் கலந்திருக்கு என்பது. எண் எதுவும் கிடையாது. “டெம்பர்”, “டெம்பரமென்ட்” எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள்.

இந்தக் கிரேக்கக் கொள்கை அரபு மொழி வழியாக இந்தியாவுக்கும் வந்தது. யுனானி என்ற பெயரின் பொருளே கிரேக்கத்தைச் சேர்ந்தது என்பதுதான். நம் சித்த மருத்துவத்திலும் பித்தத்துக்கு இன்னொரு பெயர் அழல். அழல் என்றால் நெருப்பு.

ஆக, உடம்பைச் சூடு, குளிர்ச்சி என்று பிரித்துப் பேசுவது நம்ம பாட்டிமார்கள் மட்டும் செய்ததில்லை. பாதி உலகம் அப்படித்தான் பேசியது.

12.
அதில் உண்மை இல்லாமலும் இல்லை. முதலாம் நூற்றாண்டில் ரோமில் செல்சஸ் எழுதிய நான்கு அறிகுறிகளை இன்னைக்கும் எம்.பி.பி.எஸ். மாணவன் மனப்பாடம் செய்கிறான்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. அழற்சியின் அடையாளங்கள். 2,000 வருஷமாக மாறவில்லை.

சிக்கல் வேறு இடத்தில். சூட்டை அளக்க அவர்களிடம் கை ஒன்றுதான் இருந்தது.

கையை நம்ப முடியுமா? மார்கழி விடியற்காலையில் மரக் கதவைத் தொடுங்க, அப்புறம் அதன் பித்தளைப் பிடியைத் தொடுங்க. பித்தளை ஜில்லுன்னு இருக்கும். இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கு. பித்தளை உங்கள் கைச்சூட்டை வேகமாக இழுக்கிறது, அவ்வளவுதான்.

13.
17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் படுவா நகரில் சான்டோரியோ என்ற மருத்துவப் பேராசிரியர் ஒரு வேலை செய்தார். ஒரு கண்ணாடிக் குழாய், மேலே குமிழ், கீழ்முனை தண்ணீரில். குமிழை நோயாளி வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே காற்று விரியும், தண்ணீர் இறங்கும். பக்கத்தில் அளவுக் கோடுகள்.

உடம்புச் சூட்டுக்கு முதல்முறையாக ஒரு அளவுகோல். இத்தனைக்கும் அவர் பழைய கொள்கையை விட்டவர் இல்லை. நான்கு குணக் கலவையைத் துல்லியமாக அளக்கத்தான் கருவி செய்தார்.

14.
அடுத்து ஃபாரன்ஹீட். 1714-இல் நம்பகமான பாதரசத் தெர்மாமீட்டர், 1724-இல் அவர் பெயரிலான அளவுகோல். அதில் தண்ணீர் உறையும் புள்ளி 32. ஆரோக்கியமான மனித உடம்பு 96. பின்னால் அளவுகோலைத் திருத்தியபோதுதான் அது 98-க்கு மேல் போனது.

1742-இல் ஸ்வீடனில் செல்சியஸ் 100 பாகமாகப் பிரித்தார். அவர் கணக்கில் தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100! அவர் காலத்துக்குப் பிறகு தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். நல்லவேளை. இல்லாட்டி காய்ச்சல் ஏற ஏற நம்பர் இறங்கியிருக்கும்.

15.
கருவி வந்ததும் முதல் அதிர்ச்சி வந்தது.

வியன்னாவில் ஆன்டன் டி ஹேன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். குளிர்க்காய்ச்சலில் பல்லு கிட்டிப் போய், “ஐயோ குளிருதே, போர்வையைப் போடுங்க” என்று நடுங்குகிற நேரத்தில் பாதரசம் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

நோயாளிக்குக் குளிர். கருவிக்குச் சூடு. இரண்டுமே பொய் இல்லை. ஆனால் உணர்வது ஒன்று, இருப்பது வேறொன்று என்று அன்று தெளிவானது. சொல்லுக்குள் விழுந்த முதல் விரிசல் இது.

16.
இரண்டாவது விரிசல் ஸ்காட்லாந்தில். ஜோசஃப் பிளாக். இவரும் டாக்டர்தான், கிளாஸ்கோவில் மருத்துவப் பேராசிரியர்.

அதுவரைக்கும் எல்லாரும் நினைத்தது இதுதான்: தெர்மாமீட்டர் காட்டுவதுதான் ஹீட். பிளாக் கேட்டார்: “அப்போ பனிக்கட்டி ஏன் இவ்வளவு மெதுவா உருகுது?”

1760-களின் தொடக்கத்தில் செய்த சோதனை. இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் உறையும் புள்ளியை ஒட்டிய குளிர்ந்த தண்ணீர். மற்றதில் அதே எடை பனிக்கட்டி. இரண்டையும் ஒரே கூடத்தில் தொங்கவிட்டார். தண்ணீர் 33-இலிருந்து 40 டிகிரி ஃபாரன்ஹீட் வர அரை மணி நேரம் ஆனது. பனிக்கட்டிக் குடுவை அதே 40-க்கு வர 10½ மணி நேரம் ஆனது.

17.
அந்த நேரத்தில் பெரும்பகுதி தெர்மாமீட்டர் அசையவே இல்லை. அறையிலிருந்து சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, ஆனா வெப்பநிலை ஏறலை. அப்போ அந்தச் சூடெல்லாம் எங்கே? பனியை உருக்குவதில் செலவாகிவிட்டது. உள்ளுறை வெப்பம் என்று பள்ளியில் படித்தோமே, அது பிளாக் கொடுத்தது.

ஆக, எவ்வளவு சூடு போனது என்பது ஒன்று. எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது வேறு. நம் பாடநூலில் முன்னது வெப்பம், பின்னது வெப்பநிலை. அந்த “நிலை” என்ற ஒட்டுக்குப் பின்னால் பிளாக்கின் பத்தரை மணி நேரம் இருக்கிறது.

18.
இது வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை. மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லுன்னு இருக்கு? கசிந்த நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

உங்கள் வியர்வையும் அதே வேலைதான் செய்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அது ஆவியாகணும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை வழிந்து சட்டையை நனைக்கும், ஆவியாகாது. உடம்பும் குளிராது. வறண்ட வெயிலைவிடப் புழுக்கம் ஆபத்தாவது இதனால்தான்.

19.
சரி, வெப்பம் என்றால் அது என்ன பொருள்? பிரான்சில் லவாய்சியே அதை ஒரு கண்ணுக்குத் தெரியாத திரவம் என்று நினைத்தார். “கலோரிக்” என்று பெயர். 1789-இல் அவர் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் ஆக்சிஜனோடு கலோரிக்கும் இருக்கிறது!

அதில் தவறினாலும் இன்னொன்றில் அவர் மேதை. 1782-83 குளிர்காலத்தில் லப்லாஸுடன் சேர்ந்து ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பெட்டிக்குள் வைத்தார். அதன் உடல் வெப்பம் எவ்வளவு பனியை உருக்குகிறது, அது எவ்வளவு கரியமில வாயு விடுகிறது என்று அளந்தார். கரி எரியும்போது வரும் கணக்கோடு ஒப்பிட்டார். முடிவு: மூச்சு விடுவது மெதுவாக எரிவதுதான்.

மூச்சு நெருப்பைத் தணிக்கிறது என்று ஆயிரக்கணக்கான வருஷம் சொன்னது தலைகீழானது. மூச்சுதான் நெருப்பை எரிக்கிறது. 1794-இல் பிரெஞ்சுப் புரட்சி அவர் தலையை வாங்கியது.

20.
கலோரிக்கை ஆட்டம் காணவைத்தவர் ரம்ஃபோர்டு. மியூனிக் ஆயுதசாலையில் பீரங்கிக் குழாய் துளைக்கும் வேலையைக் கவனித்தார். மொட்டைத் துளைப்பானை வேண்டுமென்றே வைத்து, சுற்றிலும் தண்ணீர் நிரப்பி, குதிரையைக் கட்டிச் சுற்றவிட்டார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. நெருப்பே இல்லாமல்!

தேய்க்கத் தேய்க்கச் சூடு வந்துகொண்டே இருக்கிறது, தீரவில்லை. தீராதது ஒரு பொருளாக எப்படி இருக்கும்? அது அசைவு என்றார். ஆண்டு 1798.

இதில் ஒரு துணைக்கதை. லவாய்சியேவின் விதவையைப் பின்னால் திருமணம் செய்துகொண்டவரும் இதே ரம்ஃபோர்டுதான். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை.

21.
எனக்கு மிகவும் பிடித்த ஆள் அடுத்து வருபவர். ராபர்ட் மேயர். ஜெர்மன்காரர். 1840-இல் 25 வயதுச் சின்ன டாக்டராக ஒரு டச்சுக் கப்பலில் ஜாவா தீவுக்குப் போனார்.

அங்கே மாலுமிகளுக்கு நோய் வந்தபோது, அந்தக் கால வழக்கப்படி சிரையைக் கீறி ரத்தம் எடுத்தார். வந்த ரத்தத்தைப் பார்த்து ஆடிப்போனார். சிரை ரத்தம் கருஞ்சிவப்பாக இருக்கணும். இது பளிச்சென்ற சிவப்பு. தமனியை வெட்டிட்டோமோ என்று பயம்.

வெக்கையான நாடுகளில் இது சகஜம் என்றார்கள் உள்ளூர் மருத்துவர்கள்.

22.
வேறு ஒருவராக இருந்தால் “சரி” என்று போயிருப்பார். மேயர் யோசித்தார். உடம்பு எரிந்து வெப்பம் தருகிறது. வெக்கை ஊரில் அவ்வளவு எரிக்கத் தேவையில்லை. அதனால் ஆக்சிஜன் மிச்சம், ரத்தம் சிவப்பு. அப்படியானால் சாப்பாடு, வெப்பம், கைகால் உழைப்பு எல்லாம் ஒன்று இன்னொன்றாக மாறும் ஒரே சரக்கு!

(அந்தச் சிவப்புக்கு முக்கியக் காரணம் வெக்கையில் தோலுக்குப் போகும் ரத்த ஓட்டம் கூடுவது என்று இன்று சொல்வோம். காரணத்தில் பிசகு, ஆனா போய்ச் சேர்ந்த இடம் சரி.)

1842-இல் எழுதி வெளியிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச காலத்தில் மான்செஸ்டரில் மதுபான ஆலை நடத்திய ஜூல் அதையே துல்லியமாக அளந்து காட்டினார். பெயர் அவருக்குப் போனது. 1847-இல் ஆற்றல் அழியாது என்று முழுமையாக எழுதிய ஹெல்ம்ஹோல்ட்ஸ் அப்போது ராணுவ மருத்துவர்.

23.
மேயரின் வீட்டில் 1848-இல் இரண்டு பெண் குழந்தைகள் இறந்தார்கள். 1850-இல் அவர் ஜன்னலிலிருந்து குதித்தார். உயிர் பிழைத்தார். மனநல விடுதியில் அடைக்கப்பட்டார். கடைசிக் காலத்தில்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1871-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தது.

நாம் சாப்பிடும் இட்லியைக் கலோரியில் எண்ணும்போதெல்லாம் ஒரு கப்பல் டாக்டரின் அந்தப் பயந்த நிமிஷத்தை நான் நினைத்துக்கொள்வேன்.

24.
மூன்றாவது விரிசல் வார்டிலேயே விழுந்தது. அதுவரை காய்ச்சல் என்றாலே ஒரு நோய். நம் சொல்லையே பாருங்கள், காய்தல் என்பதிலிருந்து காய்ச்சல். சூடுதான் நோய்.

லைப்சிக்கில் வுண்டர்லிஷ் என்ற மருத்துவர் சுமார் 25,000 நோயாளிகளுக்கு அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து வைத்து எழுதினார். 1868-இல் புத்தகம் வந்தது. டைஃபாய்டு ஏறும் விதம் வேற, மலேரியா ஏறி இறங்கும் விதம் வேற. ஆகவே காய்ச்சல் நோய் இல்லை, பல நோய்களின் அறிகுறி. 37 டிகிரி நார்மல் என்பதும் இவர் நிலைநாட்டியது. அதைத்தான் ஃபாரன்ஹீட்டில் 98.6 என்கிறோம்.

25.
அவர் காலத்துத் தெர்மாமீட்டர் ஒரு அடி நீளம். அக்குளில் 20 நிமிஷம் வைக்கணும். இங்கிலாந்தில் ஆல்பட் என்ற டாக்டர் 1860-களில் அதை 6 அங்குலமாகக் குறைத்தார், 5 நிமிஷம் போதும். அப்புறம்தான் அது டாக்டரின் சட்டைப்பைக்கு வந்தது.

98.6-ஐ வேதவாக்காக எடுக்க வேண்டாம். 1992-இல் அமெரிக்காவில் ஆரோக்கியமானவர்களை அளந்தபோது சராசரி 98.2 வந்தது. காலையில் குறைவு, சாயங்காலம் கூடுதல். சாயங்காலம் 99 காட்டினால் குழந்தைக்கு மருந்து ஊத்த ஓடாதீங்க.

26.
ஆக, ஒரு “ஹீட்” இப்போது நான்காகப் பிரிந்து நிற்கிறது.

ஒன்று, நரம்பு சொல்லும் எரிச்சல். இரண்டு, கருவி காட்டும் வெப்பநிலை. மூன்று, உள்ளே போகும், வெளியே வரும் வெப்பம். நான்கு, இதையெல்லாம் உண்டாக்கும் நோய்.

பிரிக்க 250 வருஷத்துக்கு மேல் ஆனது. நாம் ஓ.பி.யில் ஒரே வார்த்தையில் திரும்ப ஒட்டிவிடுகிறோம். அதனால் என்ன நஷ்டம்? இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

27.
முதலாவது, காய்ச்சலும் வெப்ப வாதமும்.

காய்ச்சலில் மூளையே தன் தெர்மோஸ்டாட்டை மேலே திருப்பி வைக்கிறது. அதனால்தான் ஏறும்போது குளிருது. பாராசிட்டமால் அந்தத் திருகைக் கீழே இறக்கும்.

வெப்ப வாதத்தில் திருகு சரியாகத்தான் இருக்கிறது. வெளியேற வேண்டிய வெப்பம் வெளியேறாமல் உடம்பில் தேங்குகிறது. உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், மூளை குழம்பும். “உடம்புல ஹீட் ஏறிப்போச்சு” என்பது சொல்லுக்குச் சொல் உண்மையாகும் இடம் இதுதான். ஆனால் அந்த நோயாளி “ஹீட் டாக்டர்” என்று வந்து சொல்ல மாட்டார். உளறுவார், தள்ளாடுவார், மயங்கி விழுவார்.

28.
அங்கே பாராசிட்டமால் வேலைக்கு ஆகாது. நிழலுக்குக் கொண்டுபோங்க. துணியைத் தளர்த்துங்க. உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறுங்க. கிடைச்சா ஐஸ் கட்டியை அக்குள், தொடை இடுக்கு, கழுத்தில் வையுங்க. 108-க்குக் கூப்பிடுங்க. ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீங்க. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க, புரையேறும்.

காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை கொடுத்துப் போர்த்திப் படுக்கவைத்தால், அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்காது.

29.
இரண்டாவது, நான் சொன்ன பாத எரிச்சல்காரர்.

ஐம்பதைத் தாண்டியவர். மளிகைக்கடை. ராத்திரி ஆனா இரண்டு பாதமும் தீயா எரியும். “எனக்கு ஹீட் பாடி” என்று அவரே முடிவு செய்துவிட்டார். எண்ணெய்க் குளியல், வெந்தயம், இளநீர். இரண்டு வருஷம். எதிலும் தப்பில்லை, ஆனா யாரும் சர்க்கரை பார்க்கவில்லை.

ஒரு சித்திரை மாசம், உச்சிவெயிலில் கோயில் கல் பிராகாரத்தை வெறுங்காலோடு மூன்று சுற்று சுற்றியிருக்கிறார். கூட வந்தவங்க எல்லாம் ஓடி ஓடி நிழலில் ஒதுங்க, இவர் மட்டும் நிதானமா நடந்தார். சாமி அருள் என்று நினைத்தார்களாம். வீட்டுக்கு வந்தபின் தரையில் ஈரத் தடம். மகள் குனிந்து பார்த்தால் இரண்டு பாதமும் கொப்புளம், தோல் உரிந்திருக்கு. அவருக்குத் தெரியவே இல்லை.

30.
என்னிடம் வந்தது பத்து நாள் கழித்து, சீழ் பிடித்தபிறகு. சர்க்கரை முந்நூறுக்கு மேல்.

“அண்ணே, நடக்கும்போது சுடலையா?” என்றேன்.

“இல்லீங்க டாக்டர். ராத்திரி மட்டும்தான் எரியும்.”

சர்க்கரை அவர் பாதத்தின் மெல்லிய நரம்புகளைத் தின்றிருந்தது. மிளகாய்க்கும் நெருப்புக்கும் கதவு திறக்கும் அதே நரம்புகள். சேதமான நரம்பு இரண்டு தப்பும் செய்யும். இல்லாத சூட்டை இருப்பதாகச் சொல்லும். இருக்கிற சூட்டைச் சொல்லாமல் விடும். குளிர்ந்த மெத்தையில் அவர் கால் எரிந்தது. கொதிக்கிற கல்லில் அது ஒன்றும் சொல்லவில்லை.

காலைக் காப்பாற்ற முடிந்தது. ஒரு சுண்டுவிரலை முடியவில்லை.

31.
அவர் மேல் தப்பு சொல்ல எனக்கு மனசில்லை. கேட்ட சொல் ஒன்றுதான், அதை நம்பினார். “ஹீட்”னு சொன்னதும் “எங்கே? எப்போ?” என்று கேட்காமல் தலையாட்டி அனுப்பிய எங்கள் ஆட்களும் உண்டு. நானும் அனுப்பியிருப்பேன், ஓ.பி. நெரிசலில்.

அதனால் ஒரு வேண்டுகோள். டாக்டரிடம் “ஹீட்” என்று சொல்லுங்க, தப்பில்லை. கூடவே ஒரு வரி சேருங்க. ஒன்னுக்குப் போகும்போது எரியுதா? பாதம் எரியுதா? முகம் மட்டும் திடீர்னு சுடுதா? படபடப்போட எடை குறையுதா? தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுச்சு?

அந்த ஒரு வரி போதும், எங்களுக்குப் பாதி நோய் தெரிந்துவிடும்.

32.
பாதம் எரிகிற எல்லாருக்கும் சர்க்கரைதான் என்று சொல்லவில்லை. வைட்டமின் பி12 குறைவாலும் வரும், வேறு காரணமும் உண்டு. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை பார்க்க ஒரு சொட்டு போதும்.

வீட்டில் யாராவது “எனக்கு ஹீட் பாடி”ன்னு வருஷக்கணக்கா சொல்லிட்டு இருந்தா, இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க. இளநீரும் குடிக்கட்டும். நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டெஸ்ட்டும் எடுக்கட்டும்.